எச்ச அனுமானமும் வைட்டமின் டியும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் குழந்தைகள் பலரின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தே இருக்கிறது. 2012இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் 511 குழந்தைகளில் சுமார் 40 விழுக்காட்டினருக்கும், அதே ஆண்டு வந்த கனடா ஆய்வில் 69 விழுக்காட்டினருக்கும் குறைபாடு தெரிந்தது. நோய் முற்றியவர்களிடம் அளவு மேலும் தாழ்ந்திருந்தது. அப்படியானால் குறைபாடுதான் நோயை முற்றச் செய்கிறதா? இந்தக் கேள்வி மருத்துவத்தைவிட அளவை நூலுக்கே நெருக்கமானது.

மணிமேகலையின் ‘சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை’ அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக வகுக்கிறது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என அறிவது எச்சம். இது வழுக்கும் இடத்தை வைகை அணையில் காணலாம். 1959இல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மட்டம் ஏறுகிறது என்பதாலேயே வைகை பிறக்கும் வருசநாட்டு மலையில் மழை என்று சொல்லிவிட முடியாது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே லோயர் கேம்ப்பில் இறங்கும் முல்லைப் பெரியாற்று நீரும் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. அந்த மழை கேரளத்தில் பெய்தது.

குழந்தையின் இரத்தத்திலும் இதே சிக்கல்தான். குறைபாடு முந்தி, நோய் பிந்தி இருக்கலாம். நோயே அளவைக் குறைத்தும் இருக்கலாம்: அழற்சியின்போது வைட்டமின் டியைச் சுமக்கும் புரதம் குறைகிறது, நரம்பில் ஏற்றும் திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. நெடுநாள் நோயும் ஊட்டக் குறைவும் குழந்தையை வெயில் படாமல் வீட்டில் முடக்கி, இரண்டுக்கும் சேர்த்து வழி செய்திருக்கலாம். இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனையை நியாய நூலார் உபாதி என்பர்.

மணிமேகலையின் கடைசிக் காதை, பிறவிக்குக் காரணமாக ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் பன்னிரு சார்புகளைத் தோன்றும் முறையில் மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. ஒன்று மீள மற்றது மீளும் என்றும் சொல்கிறது. பிறவித் துன்பம் பற்றிய போதனையை இரத்தப் பரிசோதனைமேல் ஏற்றுவது சற்று வலிந்த பொருத்தம்தான். ஆனால் காரணத்தைச் சோதிக்கும் வழி அதில் இருக்கிறது: குறையை நீக்கிப் பார்த்தால் நோய் தணிகிறதா? 2019இல் வெளியான வயலெட் என்ற அமெரிக்கச் சோதனையில், குறைபாடுள்ள, கடும் நோயுற்ற பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 5,40,000 அலகு வைட்டமின் டி கொடுத்தும் 90 நாள் இறப்பு விகிதம் குறையவில்லை. பெரியவர்களிடம் கண்டதைக் குழந்தைகளுக்கு நீட்டுவது இன்னோர் அனுமானம். அதையும் தனியே சோதிக்க வேண்டும்.

வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸிலும், அதனால் கால்சியம் குறைந்து வரும் வலிப்பிலும் இந்த ஐயம் எழுவதில்லை. அங்கே குறையை நீக்கினால் நோய் நீங்குகிறது. முதல் வயது முடியும்வரை நாள்தோறும் 400 அலகு கொடுக்கச் சொல்வது அதை நம்பித்தான்.