ஹலாலான தொழிலும் பாழான கிணறும்

ஓடும் ஆற்றின் கரையிலிருந்து ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீண்விரயம் செய்யலாகாது என்று நமக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கப்படுகிறது. ஹவுளில் ஒரு கை நீர் அதிகம் அள்ளினால் பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். ஆற்றையே பாழாக்கினால் கண்டிப்பவர் யார்?

பாலாற்றங்கரையைப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் தோல் தொழில் தலைமுறை தலைமுறையாக நம் மக்களுக்குச் சோறு போட்டு வருகிறது. அந்த வருவாயால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்விக்கூடங்களும் தழைத்தன. இதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஆவாரம் பட்டையின் இடத்தைக் குரோம் முறை பிடித்துக்கொண்டது. கழிவுநீர் ஆற்றிலும் வயலிலும் இறங்கிற்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வு முடிவை, 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் எடுத்துக் காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் கூறியது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. ஏன் இத்தனை தாமதம்?

"ஆலையை மூடினால் ஏழைத் தொழிலாளி பட்டினி கிடப்பானே!" என்கிறோம். உண்மைதான். ஆனால் கிணறு கெட்டுப்போன விவசாயியும் ஏழைதானே? தொழிலாளியின் பசியை முன்னால் நிறுத்தி, முதலாளியின் இலாபத்தை அதன் பின்னால் மறைக்கிறோம். அரசுக்கோ ஏற்றுமதியால் வரும் அந்நியச் செலாவணி வேண்டும். அரசியல்வாதிக்கு இரு தரப்பின் ஓட்டும் வேண்டும். மலிவாகச் செருப்பு கேட்கும் வெளிநாட்டு வியாபாரிக்குப் பாலாறு எங்கிருக்கிறதென்றே தெரியாது. ஆகவே எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு அந்தச் சாக்கு செல்லாது. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதி. தண்ணீர் அனைவருக்கும் பொதுவான அமானிதம். அடியார்களுக்குச் செய்த அநீதி, அவர்களுக்குரியதைத் திருப்பிக் கொடுத்தோ அவர்களிடம் மன்னிப்புப் பெற்றோதான் தீரும். தொழுகையும் ஸதக்காவும் அதற்கு ஈடாகமாட்டா. அண்டை வீட்டுக் கிணற்றைக் கெடுத்துச் சேர்த்த பணத்தில் பள்ளிவாசல் மினாராவை உயர்த்துவதால் அந்தக் கடன் அடைந்துவிடுமா?

தொழில் வேண்டும், அதனால் உண்டாகும் கேட்டை நீக்கும் செலவையும் அந்தத் தொழிலே சுமக்க வேண்டும். அந்தச் சுமையைத் தொழிலாளியின் கூலியில் ஏற்றுவதும் விவசாயியின் வயலில் கொட்டுவதும் அநீதியே. நன்கொடை பெறும் ஜமாஅத்தார்களே முதலில் இதைக் கேட்கட்டும். கேட்கும் துணிவையும், கேட்டதை ஏற்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.