கண்டு காட்டல்: புகையின் சுவை குறித்து ஓர் அளவையியல் விசாரம்

ஒரு சுவை நாவில் படும்போதே அறியப்பட்டுவிடுகிறதா, அல்லது அதற்கொரு பெயர் கிடைத்த பிறகே அறிவு என்னும் தகுதியைப் பெறுகிறதா என்னும் வினா, காட்சியளவையைப் பற்றிய, அதாவது புலன்வழிப் பெறும் அறிவு எந்த நிலையில் நம்பத்தக்கதாகிறது என்பதைப் பற்றிய, இந்தியத் தத்துவ விசாரத்தின் நடுவே நிற்பது. உப்பு, புளி, தேன் ஆகியவற்றை வைத்து இதை ஆராய்ந்தால் விடை எளிதில் கிடைத்துவிட்டதுபோலத் தோன்றும். அவற்றின் பெயர்களைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றுவிட்டவர்களால் சுவையையும் சொல்லையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க இயலாது. சுருட்டின் புகை அப்படிப்பட்டதன்று. திண்டுக்கல்லிலும் திருச்சிராப்பள்ளியின் உறையூரிலும் செய்யப்பட்டு, 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் சாம்பலைக் கொண்டே அடையாளம் காணப்படும் அளவுக்கு அயல்நாட்டிலும் பெயர்பெற்றிருந்த தமிழ்நாட்டுச் சுருட்டை முதன்முறை வாயில் வைப்பவர் காரம், கமறல் என்னும் இரண்டுக்கு மேல் எதையும் சொல்வதில்லை. பழகியவரோ அதே புகையில் வைக்கோல், ஈரமண், மிளகு, வறுத்த கொட்டை, கருப்பட்டிப் பாகு எனப் பலவற்றைப் பிரித்துரைக்கிறார். இவ்விருவருக்கும் இடையே மாறியது நாவா, சொல்லா என்பதே கேள்வி.

புகையில் பல சாயல்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. பறித்து உலர்த்திய புகையிலையைக் குவித்து வைக்கும்போது அது தன் சூட்டிலேயே புழுங்கி நொதிக்கிறது. அம்மோனியா வெளியேற, இலையிலுள்ள சர்க்கரையும் புரதமும் சிதைந்து வேறு வேறு மணப்பொருள்களாகின்றன. சுருட்டுப் புகையில் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை மிகுந்திருப்பதால் அதன் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறிவிடுகிறது. எனவே பழகியவர் புகையை நுரையீரலுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்திச் சிறிதளவை மூக்குவழியாக விடுகிறார். நாவுக்கு எட்டுவது கசப்பு, இனிப்பு போன்ற சிலவே ஆதலால், சுவை என்று அவர் விவரிப்பதில் பெரும்பகுதி அண்ணத்தின் பின்புறமாக மூக்கை அடையும் மணந்தான். (இந்தப் பழக்கம் வாய்ப்புற்றுக்கு வழிவகுப்பது, இங்கே ஆராயப்படுவது அதன் அறிவுமுறை, பரிந்துரைக்கப்படுவது அதன் நுகர்ச்சியன்று.)

மேற்கூறிய கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் பழைய விடைகளுள் ஒன்று மணிமேகலைக் காப்பியத்தில் உள்ளது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் பௌத்த அளவையியல், பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகரின் வழியைப் பின்பற்றி, பெயர், சாதி, குணம், செயல் ஆகிய கற்பனைகள் சேராத தூய உணர்வையே காட்சி என்று கொள்கிறது. அதன்படி, புதியவரின் பெயரற்ற முதல் உணர்வே காட்சி. மிளகு என்றும் மண் என்றும் சொல்லத் தொடங்கும் கணத்தில் மனம் தன் சரக்கைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறது. வாக்கியபதீயம் இயற்றிய பர்த்ருஹரி இதற்கு நேர்மாறாக, சொல் ஊடுருவாத அறிவே உலகில் இல்லை என்றார். அவர் கணக்கில் புதியவர் எதையும் அறியவே இல்லை. நியாய நூலாரும் சைவ சித்தாந்திகளும் இவ்விரண்டையும் படிகளாக்கினர்: பொருள் ஒன்று உண்டு என்ற அளவில் நிற்கும் அறிவு நிர்விகற்பம், பெயரும் இனமும் குணமும் பிரித்தறியும் அறிவு சவிகற்பம். அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி இப்பிரிவைத் தெளிவாகத் தருகிறது.

படிகளாகப் பிரித்தல் வழக்கை முடித்துவைப்பதுபோலத் தோன்றினும், முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஒருவர் எவ்வாறு ஏறுகிறார் என்பதை அது கூறவில்லை. ஏறும் முறையைப் பார்க்கத் தூத்துக்குடிக் கடற்கரையைப் போல் தக்க இடம் அரிது. இங்கே நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டு பெயரிடும் கல்வி, புகையில் அன்று, முத்தில் பல நூற்றாண்டுகள் நடந்தது. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் கோயிலுக்குக் கொடுத்த அணிகலன்களைப் பதியும்போது, அவற்றிலுள்ள முத்துகளை வட்டம், அநுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என வகைப்படுத்துவதோடு, குளிர்ந்த நீருடையவை, சிவந்த நீருடையவை என ஒளியின் சாயலையும் குறிக்கின்றன. நீர் என்பது இங்கே முத்தின் உள்ளிருந்து வருவதாகத் தோன்றும் ஒளியோட்டம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில், அதாவது சிப்பிகள் படியும் கடலடிப் பாறைத்திட்டுகளில், பரவர் முதலிய குளியாளிகள் எடுத்த சிப்பிகளிலிருந்து கிடைத்த முத்துகளை வணிகர்கள், 20 கண்ணுள்ளது தொடங்கி 1000 கண்ணுள்ளது வரை பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவுவாரியாகப் பிரித்தனர். அதன்பிறகு உருட்சியையும் ஒளியையும் கண்ணால் தேர்ந்து, குறையற்றதை ஆணிமுத்து என்றனர். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

முத்துத் தேர்வில் பெயர் நிலைபெறுவதற்குக் காரணம், பொருள் உள்ளங்கையில் தங்கியிருப்பது. மூத்த வணிகர் ஒரு முத்தைச் சிவந்த நீருடையது என்றால், பயில்பவர் அதையே எடுத்துப் பார்க்கலாம், வேறொன்றோடு ஒட்டிவைத்து ஒப்பிடலாம், நாளை மீண்டும் பார்த்து மறுக்கவும் செய்யலாம். புகையோ சொல்லி முடிப்பதற்குள் கலைந்துவிடுவது; ஒருவர் வாயிலிருந்த புகையை மற்றொருவர் சோதிக்க வழியில்லை. எனவே அதன் சொற்கள் ஒப்புமையையே நம்பியிருக்கின்றன. நியாய நூலார் இதை உவமையளவை என்பர்: காட்டில் திரியும் ஆமா பசுவைப் போன்றது என்று கேட்டிருந்தவன், பின்னர் காட்டில் அதைக் கண்டபோது ஆமா என்னும் பெயர் இதற்குரியது என்று அறிவதே அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. சுருட்டின் சுவை கற்பவருக்கும் சொல் முன்னே வருகிறது, பொருள் பின்னே வருகிறது. ஆனால் ஆமாவைப் பொய்யாகக் காண்பது கடினம். வைக்கோல் மணத்தைப் பொய்யாக முகர்வது மிக எளிது. பிரான்ஸில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வொன்றில் 54 பேருக்கு வெள்ளைத் திராட்சை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் சேர்த்துக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதை விவரித்தனர். கண் சொன்னதை மூக்கு ஒப்புக்கொண்டது. பௌத்தரின் எச்சரிக்கை வீண் எச்சரிக்கையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அந்த எச்சரிக்கையோடு நின்றுவிட்டால் கல்வி என்பதே இல்லாமற்போகும். இவ்விடத்தில் சைவ சித்தாந்தம் கூறும் வேறொரு கருத்து, அளவைப் பகுதியைவிட மிகுதியாகப் பயன்படுகிறது. உயிர் தானே அறிவதும் அன்று, அறிவற்றதும் அன்று. அறிவிக்க அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது என்பது அந்நெறியின் அடிப்படை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதினோராம் சூத்திரத்தில் இதை இன்னும் நுட்பமாக்குகிறது: கண் காண்பதற்கு உயிர் உடனிருந்து காண்பித்தும் கண்டும் உதவுவதுபோல, உயிர் அறிவதற்கு இறைவன் உடனிருந்து கண்டு காட்டுகிறான். தூத்துக்குடிக் கடலில் கலக்கும் தாமிரபரணியின் கரைப் பகுதியில், விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர், தம் மாபாடியத்தில் இந்நூலுக்குப் பேருரை கண்டார். காட்டுதல் மட்டும் போதாது, காட்டுபவனும் உடன் காணவேண்டும் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. இறைவனுக்குக் கூறியதை ஆசிரியருக்குப் பொருத்துவது வரம்புமீறல் எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் குருவைப் பற்றி அந்நெறி கொண்டுள்ள கருத்தை நோக்க, அது பெரிய மீறலன்று.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது, அச்சிட்ட சுவைப்பட்டியலிலிருந்து கற்பதன் குறை தெரிகிறது. அமெரிக்கச் சுருட்டு நூல்கள் தேவதாரு, பதப்படுத்திய தோல், கோக்கோ என்று அடுக்கும் சாயல்களைத் தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஒப்பிப்பாரானால், அவர் கேட்டதைச் சொல்கிறாரேயன்றிக் கண்டதைச் சொல்லவில்லை. தேவதாருவின் மணம் அவர் நினைவில் இல்லை. கருப்பட்டி காய்ச்சும் வாடை, கருவாட்டின் கவிச்சி, உப்பளத்து ஈரம், பனையோலை எரியும் நெடி ஆகியவை இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டைப் புகையில் பதமிட்ட இலையை அவரிடம் கொடுத்தால், மட்டைப் புகையை எவரும் கற்பிக்காமலே கண்டுகொள்வார். கலிபோர்னியாவில் 1984இல் ஆன் நோபிள் வெளியிட்ட மதுமணச் சக்கரம் மதிக்கப்படுவதற்கும் இதுவே காரணம்: அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் முகர்ந்து பார்க்கத்தக்க மாதிரிப்பொருள் ஒன்று வகுக்கப்பட்டது, ஆசிரியரும் மாணவரும் ஒரே கிண்ணத்தை முகர்ந்தே அச்சொல்லைப் பழகுகின்றனர். முத்து வணிகரின் சல்லடை செய்த வேலையை அந்தக் கிண்ணம் செய்கிறது. உடன் காண்பவர் இல்லாத சொல் வெறும் செவிவழிச் செய்தி. உடன் காண்பவர் இருக்கும்போது அதே சொல், முன்பு நழுவிப்போன ஒன்றின்மேல் கவனத்தை நிறுத்திவைக்கும் பிடி. சுவை முன்பே புகையில் இருந்தது, ஆனால் அறிவாகவில்லை.

இதே கடற்கரை மாவட்டத்தில் சுருட்டுக்கு முற்றிலும் வேறான ஓர் இடமும் உண்டு. நாட்டார் தெய்வமான சுடலைமாடனின் கொடைவிழாவில் சாராயத்தோடும் இறைச்சியோடும் சுருட்டும் படைக்கப்படுகிறது. சாமி இறங்கிய கோமரத்தாடி அதைப் பற்றவைத்துப் புகைக்கிறார். பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் வாழ்ந்த கிறித்தவ மறைப்பணியாளர் கால்டுவெல், போரில் இறந்த ஐரோப்பியப் படைத்தலைவர் ஒருவரின் கல்லறையில் மக்கள் மதுவும் சுருட்டும் வைத்து வணங்கியதை 19ஆம் நூற்றாண்டில் பதிந்திருக்கிறார். உயிரோடிருந்தபோது அவர் விரும்பியவை எவை என்று மக்கள் கருதினார்களோ, அவையே படையலாயின. நுகர்பவருக்கு உரியதாகவே சுருட்டு இங்கே மதிக்கப்படுகிறது, ஆராயப்படுவதற்கு உரியதாக அன்று. எனவே அதன் சாயல்களைப் பிரித்துரைக்கும் தேவையும் எழவில்லை. கொடை முடிந்தபின் சுருட்டு எப்படியிருந்தது என்று கோமரத்தாடியைக் கேட்பதும் பொருந்தாது; புகைத்தது சாமியே, அவர் அல்லர் என்பது அங்குள்ள நம்பிக்கை. அந்நம்பிக்கையின்படி, அச்சுவைக்குச் சவிகற்ப அறிவு உண்டானால் அது தெய்வத்திடமே இருக்கிறது, அதை மனிதருக்குக் கண்டு காட்டும்படி தெய்வத்தை எவரும் வேண்டுவதில்லை.