எழுத்துக்கு எண் இட்டவர் யார்?

எண்ணுக்கு இனமில்லை, நாடில்லை, உயர்வு தாழ்வில்லை என்பர். உண்மை, மறுப்பாரில்லை. ஆனால், எந்த எழுத்துக்கு எந்த எண் என்று பட்டியல் வகுத்தது யார்? வானமா? விதியா? இல்லை, மனிதர்! மனிதர் வகுத்ததை மனிதர் ஆராயலாம், ஆராய்வது கடமையுங்கூட.

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். சுழியும் ஒன்றுமாக எட்டுக் குறிகள் சேர்ந்த கட்டு ஒன்றைப் பைட் என்பர். 1963இல் அமெரிக்கர் ஆஸ்கி எனும் பட்டியலை வகுத்தனர். மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துக்கு இடமுண்டு. தமிழுக்கில்லை, அரபிக்கில்லை, சீனத்துக்கில்லை. பகையா காரணம்? அன்று. தம் வீட்டுத் தேவைக்கு அவர்கள் கட்டிய அறை அது. அவ்வறையே பின்னர் உலகுக்குப் பொதுமண்டபமாயிற்று. தொல்லை அங்கே பிறந்தது.

தமிழர் ஆளுக்கொரு குறியீடு செய்தனர். ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் புரியாத கோலமாயிற்று. 1991இல் ஒருங்குறி வந்தது; மொழிகளெல்லாம் ஒரே பட்டியலில் அமர்ந்தன. 'க' என்பதன் எண் 2965. வரவேற்கத்தக்க மாற்றம்! எனினும், இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி எனும் அச்சிலேயே தமிழும் வார்க்கப்பட்டது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். உயிர்மெய்யோடு புள்ளி சேர்ந்து மெய் ஆகும் என்பது பட்டியலின் கணக்கு!

இந்த எண்களைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 எனும் முறை 1992இல் பிறந்தது. ஆஸ்கியில் உள்ள எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'தமிழ்' என்று எழுத ஐந்து குறிகள், 15 பைட்டுகள். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுத ஐந்தே பைட்டுகள்.

முன்னே வந்தவர்க்கு முதலிடம் என்பது நீதியா? "முன்னோர் வகுத்தது, கை வைக்காதே" என்ற குரல் நமக்குப் பழகிய குரல்தான். ஆனால், தோழர்களே, இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பழைய கோப்புகள் படிக்க இயலாமற் போகக்கூடாது என்று இங்கே காரணம் காட்டுகின்றனர். காரணம் காட்டும் ஏற்பாட்டோடு வாதிடலாம். புனிதம் என்று வாய்பொத்தும் ஏற்பாட்டோடு வாதிட வழியில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, சுமை யார் தலையில் என்பதே. சேமிப்பு மலிந்துவிட்ட இந்நாளில் பத்துப் பைட்டுகள் சுமையல்ல. ஆனால் குறுஞ்செய்தியைப் பாருங்கள்! ஆங்கிலமானால் ஒரு செய்தியில் 160 குறிகள். தமிழானால் 70 மட்டுமே. செய்திக்கு இவ்வளவு காசு என்று வாங்கும்போது, தாய்மொழியில் எழுதிய ஏழை இருமடங்குக்கு மேல் கொடுத்தான். எவரும் அவனைத் தண்டிக்க எண்ணவில்லை. எனினும் தண்டம் செலுத்தினான். தீய எண்ணம் இல்லாமலும் அநீதி நடக்கும். அவையில் இல்லாதவன் நினைவிலும் இல்லாமற் போவதே அதன் வேர்.

இக்கேள்வி நம்மையும் சுடும். நீலகிரியில் வாழும் தோடரின் மொழியில் ஒலிகள் பல. அவற்றுட் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தில் இடமில்லை. "உங்கள் பட்டியலில் எங்கள் இடம் எங்கே?" என்று அவர் கேட்டால், நாம் சொல்லும் விடை என்ன?

வசை பாடிப் பட்டியலை மாற்ற முடியாது. கணக்கைக் கற்போம், பட்டியல் வகுக்கும் அவையில் அமர்வோம், அமர்ந்தபின், வெளியே நிற்பவர் யார் என்று வாயிலை எட்டிப் பார்ப்போம். அதுவே அறிவு, அதுவே அறம்!