காத்திருக்க ஒரு செடி

எளிமையாக வாழச் சொல்பவர்கள் பெரும்பாலும் எதையெதை விட வேண்டும் என்றே பட்டியல் போடுகிறார்கள். ஓட்டல் சாப்பாட்டைக் குறையுங்கள், தேவையில்லாததை வாங்காதீர்கள், விடுமுறை வந்தால் வீட்டில் இருங்கள் என்கிறார்கள். கேட்பவரும் சில வாரம் கடைப்பிடிக்கிறார், பிறகு சலித்துப்போகிறது. அவருக்கு மன உறுதி போதவில்லை என்று குறை சொல்வது நியாயமல்ல. நேற்றுக்கும் நாளைக்கும் வேறுபாடே இல்லாத வீட்டில் எந்த மனமும் அடங்கி இருக்காது. கடைவீதிக்கும் கைபேசித் திரைக்கும்தான் ஓடும். வீட்டு வாழ்க்கை இனிக்க வேண்டுமானால் ஆவலோடு எதிர்பார்க்க அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும். நாமே வளர்க்கும் காய்கறி அதைத் தருகிறது. அதனால் மிச்சமாகும் பணமும் கிடைக்கும் சத்தும்கூட இதற்கு அடுத்தபடிதான் என்பது என் எண்ணம்.

எதிர்பார்ப்புக்கு அவ்வளவு வலிமை உண்டா? நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள், பயணத் திட்டம் எதுவும் இல்லாதவர்களைவிடப் புறப்படும் முன்பே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகோ, பயணம் மிகுந்த நிம்மதியாக அமைந்தவர்களைத் தவிர மற்றவர்கள் போகாதவர்களைப் போலவே ஆகிவிட்டார்கள். போய்வந்த பிந்தைய நாட்களைவிடக் காத்திருந்த நாட்களே அவர்களுக்கு அதிகம் கொடுத்திருக்கின்றன. நல்லது எது வந்தாலும் மனிதர் அதற்குப் பழகிப் பழைய மனநிலைக்கே திரும்பிவிடுகிறார் என்று பிரிக்மன், காம்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971-லேயே எழுதியிருந்தார்கள். புதிதாக வாங்கிய சோபா சில நாளில் கண்ணில் படாமலே போவதற்கு இதுதான் காரணம். வாங்கி வைத்த பொருள் வைத்தபடியே இருக்கிறது, நாம் பழகிவிடுகிறோம். செடி அப்படி நிற்பதில்லை. நேற்று மொட்டு, இன்று பூ, நாலு நாள் கழித்துப் பிஞ்சு என்று மாறிக்கொண்டே இருப்பதற்குப் பழகுவது கடினம்.

நம் வீட்டுப் பயிர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை இருக்கிறது. முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 முருங்கை, விதை போட்ட ஆறு மாதத்தில் காயைக் கண்ணில் காட்டும். செடி அவரை பருவம் பார்க்காமல் காய்த்தாலும் பந்தல் அவரை அப்படியில்லை. ஆடியில் ஊன்றிய கொடி எவ்வளவு படர்ந்தாலும் பகல் குறுகும் மாதங்களில்தான் பூக்கும். உரத்தைக் கொட்டினாலும் அதை அவசரப்படுத்த முடியாது. மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காய், நாலைந்து மாதப் பொறுமைக்குக் கிடைத்த கூலி. நாளுக்குள்ளும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பூசணிப்பூ விடியலில் விரிந்து உச்சிவேளைக்குள் வாடிவிடும். தேனீ வராத மொட்டை மாடியில் காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைத்தால்தான் பிஞ்சு நிற்கும். பீர்க்கம்பூவோ பொழுது சாயும்போதுதான் மலரும். இரண்டு கொடியும் உள்ள வீட்டில் காலையில் எழவும் மாலையில் நேரத்தோடு திரும்பவும் ஒரு காரணம் இருக்கிறது.

சாப்பாட்டுத் தட்டுக்கும் இந்த எதிர்பார்ப்பு வந்துசேர்கிறது. சந்தைக்கு வரும் தக்காளி வெகுதூரம் லாரியில் வர வேண்டியிருப்பதால், முழுதாகப் பழுக்கும் முன்பே பறிக்கப்படுகிறது. அதில் வியாபாரியின் குற்றம் எதுவுமில்லை. கனிந்த பழம் அந்தப் பயணத்தைத் தாங்காது. செடியிலேயே பழுத்த தக்காளியை அன்றே ரசம் வைக்கும் வாய்ப்பு வீட்டில் வளர்ப்பவருக்கு மட்டும்தான். வெறும் கீரைக் கடைசல் என்றாலும், விதைத்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கீரை என்றால் வீட்டிலுள்ள எல்லோரும் அதைப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். பாகற்காயை ஒதுக்கும் பிள்ளைகூட, தான் தண்ணீர் ஊற்றிய கொடியின் காயை ஒரு வாய் தின்று பார்க்கக்கூடும். முருங்கை காய்த்துவிட்டால் ஒரு வீட்டால் தின்று தீர்க்க முடியாது. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பேச்சற்றுப்போன வீடுகளுக்கிடையே ஒரு கட்டு முருங்கைக்காய் மீண்டும் போக்குவரத்தை உண்டாக்கும்.

கணக்கு இடிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பையும் மண்ணும் தென்னை நார்க் கழிவும் வாங்கிக் கூட்டிப் பார்த்தால் கடைத் தக்காளியே மலிவு என்பார்கள். பல வீடுகளில் அது உண்மைதான். நாளுக்கு 400 கிராம் காயும் பழமும் ஒருவர் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு அது 1,600 கிராம். மாடியில் இருக்கும் இருபது பையால் அதை நாள்தோறும் தர முடியாது. ஆகவே தன்னிறைவு என்ற பெயரில் இதைச் சிபாரிசு செய்வது தவறு. தேவைக்காக மட்டும் போட்ட தோட்டம் தேவை தீர்ந்ததும் அழியும் என்பதற்கு வரலாற்றுச் சான்றே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. அந்நாட்டுக் காய்கறி விளைச்சலில் சுமார் 40 சதவீதம் அவற்றிலிருந்தே வந்ததாகச் சொல்கிறார்கள். போர் முடிந்து கடைகள் நிரம்பியதும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. மலிவான காய் கிடைத்த பிறகும் மண்வெட்டியைக் கீழே வைக்காதவர்கள் அந்த வேலையையே விரும்பியவர்கள். அந்த விருப்பம்தான் நிலைக்கும்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. எளிய வீட்டு வாழ்க்கை என்று நாம் புகழ்வதெல்லாம் பெண்களின் முதுகில் ஏறி நின்ற வாழ்க்கை இல்லையா? ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்றடியும் அவர்களிடம் வாங்கிய உழைப்புக்கு அளவில்லை. 1950-களில் கோவையில் பிறந்த மாவரைக்கும் கிரைண்டர் பல வீடுகளில் அவர்களின் கைக்கு ஓய்வு கொடுத்தது. அதைத் திருப்பிப் பறிக்கும் எந்த எளிமையும் எனக்கு வேண்டாம். கிரைண்டரும் குக்கரும் இருக்கட்டும். அவை மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பங்கு செடிக்குப் போகட்டும், அதுவும் வீட்டில் எல்லோருடைய நேரத்திலிருந்தும். சமைப்பவரே விதைத்து, தண்ணீர் தூக்கி, பறித்து, ஆய்ந்து, பாத்திரமும் கழுவ வேண்டும் என்றால் அந்த வீட்டில் தோட்டம் இன்னொரு சுமை. ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீர்க் குடத்தையும் கீரை ஆய்வதையும் தங்கள் வேலையாக ஏற்கிற வீட்டில் மட்டுமே நான் சொல்லும் மகிழ்ச்சி நியாயமானது.

இடமில்லை என்பது கடைசித் தடை. 2013-14-இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோதே, கொல்லை இல்லாத வீட்டிலும் காய் விளையும் என்பதை ஏற்றுக்கொண்டது. வெயில் விழும் ஜன்னல் ஒன்றே உள்ளவர்களுக்கு ஒரு தட்டு வெந்தயக்கீரை போதும். அஞ்சறைப்பெட்டி வெந்தயமே அதற்கு விதை. மாவுப்பூச்சி வரும், அணில் கடிக்கும், சில விதை முளைக்காமலே போகும். அதனால் பெரிதாகத் திட்டம் போட்டுப் பத்துப் பை வாங்கிவிடாதீர்கள். வருகிற ஆடியில் நாலு அவரை விதையை ஊன்றுங்கள். தண்ணீர் ஊற்றும் முறையை வீட்டிலுள்ளவர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தை மாதம் வரைக்கும் உங்கள் வீட்டுக்குக் காத்திருக்க ஒன்று இருக்கும்.