காப்பவர் காலடி

பொலனறுவையில் வானவன் மாதேவி ஈசுவரத்தின் முன்னே நிற்கும்போது நமக்குள் முதலில் எழுவது பக்தியன்று, பெருமிதம். அடி முதல் சிகரம் வரை கல்லாலான சிறு கோயில். சோழர் இந்நகரை ஜனநாதமங்கலம் என்று அழைத்து ஆண்ட பதினோராம் நூற்றாண்டில், ஓர் அரசியின் பெயர் தாங்கி எழுந்தது. அதிராசேந்திரன் காலத்துத் தமிழ் எழுத்து அங்கே உண்டு. இன்று அதற்கு வழங்கும் பெயர் ‘இரண்டாம் சிவ தேவாலயம்’. அரசியின் பெயர் இருந்த இடத்தில் ஓர் இலக்கம். காரைதீவிலிருந்து போகிற நம்மவர்கள் அந்தச் சுவரைத் தொட்டு, “இது எங்கட” என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பெருமிதத்தில் பிழையில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அது முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது.

இங்கே அழிந்தது என்ன? கல் நிற்கிறது, உள்ளே இலிங்கமும் இருக்கிறது. பகைவரின் வாள் வந்து அழித்தது என்று சொல்லிவிட்டால் மனம் அமைதியாகிவிடும். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 1070இல் முதலாம் விஜயபாகு நகரைச் சோழரிடமிருந்து மீட்டான். கோயில் நின்றது. சோழர் போய் நெடுங்காலத்துக்குப் பிறகு, பாண்டியர் பாணியில் இன்னொரு சிவன் கோயில் அதே நகரில், பௌத்தரின் தலதா (புனிதப் பல்) முற்றத்துக்கு அருகிலேயே எழுந்தது. 1215இல் கலிங்க மாகன் படையெடுத்து வந்தான். பின்னர் அரசு தென்மேற்கே நகர்ந்தது. குளங்களைப் பார்க்க ஆளில்லாமல் போனது. நீர் போன வழியே குடிகளும் போயினர். மனிதர் முதலில் போகிறார்கள், விளக்கு பிறகு அணைகிறது, கட்டடம் எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான் சரிகிறது.

கம்போடியக் காடுகளிலும் இதுவே நடந்தது. பத்தாம் நூற்றாண்டில் சிறிது காலமே தலைநகராயிருந்த கோ கேரில், ஏழு அடுக்குப் பிரமிட் இன்றும் மரங்களுக்கு மேலே தலை நீட்டுகிறது. உச்சியிலிருந்த பேரிலிங்கம் இல்லை. பன்டே ச்மாரில் காவலற்ற சிற்பச் சுவரொன்றைத் திருடர்கள் 1990களின் இறுதியில் பெயர்த்து லொறியில் ஏற்றிப் போனார்கள். ஆனால் அங்கோர் வாட் முற்றாகக் காட்டுக்குள் போகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் அதைத் திருமாலுக்குக் கட்டினான்; பின்வந்த நூற்றாண்டுகளில் அதைக் கூட்டித் துடைத்து வாழவைத்தவர்கள் புத்த பிக்குகள். கட்டியவனின் நம்பிக்கை வேறு, காத்தவர்களின் நம்பிக்கை வேறு.

பொலனறுவையிலேயே இதற்கு மறுபக்கம் இருக்கிறது. புத்தரின் புனிதப் பல்லுக்கு எழுப்பிய கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்ற, தென்னிந்தியாவிலிருந்து வந்த வேளைக்காரப் படையினர், தங்கள் வாக்கைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அவர்கள் ஒன்றும் குறையற்றவர்கள் அல்லர். சோழர்மேல் படையெடுக்க விஜயபாகு பணித்தபோது கலகம் செய்தவர்களும் வேளைக்காரர்தாம். ஆயினும் அந்தக் கல்லில் இருப்பது உரிமைக் கோரிக்கை அன்று, பொறுப்பேற்பு.

சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், கொடை தந்தவன் இந்த அறத்தைப் பின்னாளில் காப்பவரின் காலடியைத் தன் தலைமேல் வைத்துக்கொள்வதாக எழுதிவைத்துப் போகிறான். என் மகன் காக்கட்டும், என் குலத்தான் காக்கட்டும் என்று அந்த வாசகம் நிபந்தனை விதிப்பதில்லை. தான் கட்டியது தன்னோடும் தன் வழியோடும் முடியாது என்றும், காலம் தன் பெயரையும் அரசையும் மொழியையும்கூட அந்த மண்ணிலிருந்து அகற்றிவிடக்கூடும் என்றும், அப்போது ஊர்பேர் தெரியாத எவனோ ஒருவன் வந்து திரியைத் தூண்டினால் அவனே தன் வாரிசு என்றும் உணர்ந்த மனமே, பிறக்காத அந்நியனின் காலுக்குத் தன் தலையைத் தாழ்த்த முடியும்; அந்தத் தாழ்ச்சிக்கு முன்னே, பழமையை இரத்தத்தின் சொத்தாக எண்ணி மார்தட்டும் நம்முடைய பெருமிதம் மிகவும் சிறுத்துப் போகிறது.

நம் ஊரான காரைதீவின் கண்ணகை அம்மனை எண்ணிப் பார்க்கலாம். வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. அந்தப் பாட்டு நமக்கு வந்தது ஏட்டில். ஏடு சில தலைமுறைக்குமேல் தாங்காது, ஆகையால் ஒவ்வொரு தலைமுறையும் அதைப் பார்த்து எழுதியாக வேண்டியிருந்தது. கல்லை மறந்துவிட்டாலும் அது நிற்கும். ஏட்டை மறந்தால் அத்தோடு போயிற்று. அதே தெய்வத்தைப் பத்தினி என்று சிங்களவரும் தங்கள் தேவாலயங்களில் காத்துவருகிறார்கள். இவ்வூரில் பிறந்த விபுலாநந்த அடிகள், தமிழர் கையிலிருந்தே நழுவிப்போன யாழைப் பழைய நூல்களின் வழியே தேடிக் கணக்கிட்டுப் பல ஆண்டுகள் உழைத்து, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். அதுவும் ஓர் இடிபாட்டைப் போய்ப் பார்த்த பயணந்தான். ஆனால் அவர் வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்பவில்லை.

நம் கரையோரத்தில் அண்மையில் நடந்ததையும் இதோடு வைத்தே பார்க்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த முஸ்லிம் மக்களுக்காக, அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியால் 500 வீடுகள் எழுந்தன. பழைய தீகவாபித் தூபியின் புனித நிலத்தை ஒட்டிய இடம் அது என்று எதிர்ப்பு எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2009இல் தீர்ப்பும் வந்தது. வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. சுவர்களைச் செடி கொடி மூடியது. தீகவாபியைக் கட்டிய கைகளும் அந்த வீடுகளைக் கட்டிய கைகளும் யாரோ வந்து இருக்கட்டும் என்றுதான் கட்டின. இரண்டையும் சேர்த்துக் காப்பது எப்படி என்று எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் உரக்கக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.