வயிற்றின் விலை

கணக்கொன்று போட்டுத் தரும்படி கேட்டார் நம் தமக்கையார். பள்ளியிலே பாடம் சொல்லித் தரும் தம்பிக்கு இது பெரிய வேலையா என்று எண்ணினார் போலும். “ஏலே தம்பி, வயித்தை வெட்டித் தைக்கிற ஆப்பரேஷனுக்கு மொத்தம் எம்புட்டு ஆகும்? சரியா விசாரிச்சுச் சொல்லு” என்றார். சீட்டுப் பணம் தை மாதம் கைக்கு வருகிறது. அதற்கு முன் தெரிந்தாக வேண்டும் என்றார்.

கேட்டவர் இரு முறை கருவுற்று மூன்று மக்களை ஈன்றவர். இரண்டாம் பேறு இரட்டை. பேறுகாலத்திலே பழஞ்சேலையைக் கிழித்து இறுக வயிறு கட்டினாள் அன்னை. லேகியம் கிளறி ஊட்டினாள். கட்டு அவிழ்ந்தது, மாதங்கள் உருண்டன, வயிறோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரட்டையர்க்கு இன்று ஆறு வயது. இன்றும் ஸ்ரீவைகுண்டத்திலே பேருந்து ஏறினால், “புள்ளத்தாச்சி நிக்காவ, எந்திரிச்சு இடங் கொடுங்க” என்று எவரேனும் குரல் கொடுக்கின்றனர். கொடுப்பவர் நல்லவர், அன்பால் எழுகிறார். தமக்கையாரோ மறுக்கவும் நாணி, அமரவும் நாணி, அமர்ந்து விடுகிறார். நெல்லை சேரும் வரை தலை நிமிர்வதில்லை.

இதைக் கேட்டதும் நம்மிடம் எழுந்தது என்ன? வெட்கத்தோடு ஒப்புகிறோம்: ஒரு சொற்பொழிவு! தோற்றமா பெரிது, அறிவல்லவா பெரிது, அழகு வணிகர் விரிக்கும் வலையிலே வீழலாமா என்று அடுக்கடுக்காய்ச் சொற்கள் நாவின் நுனியில் வந்து நின்றன. நல்ல வேளை, அவர் நம்மிடம் கேட்டது சொற்பொழிவல்ல, கணக்கு. எனவே எழுதுகோலை எடுத்தோம்.

முதலில் அந்த அறுவை இன்னதென அறிந்தோம். இடுப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அடிவயிற்றிலே கத்தி ஓடுகிறது. தொங்கும் தோலும் அதனடிக் கொழுப்பும் வெட்டியெடுக்கப்படுகின்றன. கருவளர்ச்சியால் நடுவிலே விலகிப்போன இரு வயிற்றுத் தசைகளும் நெருக்கித் தைக்கப்படுகின்றன. கீழிழுத்த தோலிலே கொப்பூழுக்குப் புதிய வாயில் திறக்கிறார்கள். முழு மயக்கத்திலே சில மணி நேரம் நடக்கும் பெரிய அறுவை இது. உடல் எடை குறைக்கும் வழியன்று; எடையைக் குறைத்து நிலைப்படுத்திய பின்னரே இதற்கு வரச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இனியும் மகப்பேறு வேண்டுவோர் பொறுத்திருத்தல் நலம் என்கிறார்கள். நேற்று முளைத்த புதுமையும் அன்று. 1899ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே ஹோவர்டு கெல்லி என்னும் மகளிர் மருத்துவர், தொங்கிய வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டியகற்றினார்.

தொகை கேட்டோம். நெல்லையிலே ஒன்று சொன்னார்கள், மதுரையிலே ஒன்று, சென்னையிலே வேறொன்று. ஒன்றரை இலட்சத்திலே தொடங்கி மூன்று இலட்சம் வரை ஏறியது. எதெல்லாம் அதில் அடக்கம் என்று கேட்டபோதுதான் வேடிக்கை! ஒருவர் சொன்னது அறுவை மருத்துவரின் ஊதியம் மட்டும். மயக்க மருத்துவர்க்குத் தனி, அறுவை அரங்குக்குத் தனி, அறை வாடகை தனி, குருதிச் சோதனை தனி, பல வாரம் இறுக்கிக் கட்ட வேண்டிய அரைக்கச்சும் தனி. தையலிலே சீழ் பிடித்தால், நீர் கோத்தால், மீண்டும் கிடக்க நேர்ந்தால் யார் செலவு என்றோம். மறுமுனையிலே அமைதி. குறைந்த தொகை சொன்னவரே கூடுதல் தொகை வாங்குபவராக முடியலாம் என்ற பாடம் அன்று நமக்குக் கிடைத்தது.

தாளிலே ஏறாத செலவும் உண்டு. தமக்கையார் வீட்டிலே தையல் எந்திரம் மிதிப்பவர்; ஊர்ப் பெண்களின் இரவிக்கை அளவெல்லாம் அவர் விரல் நுனியில். அறுவைக்குப் பின் முதல் நாட்களிலே நிமிர்ந்து நடக்கவும் இயலாது. கனம் தூக்குதலும் கடும் வேலையும் ஆறு வாரம் போலக் கூடாது. அந்த வாரங்களின் தையற்கூலி என்னாவது? மூன்று பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பவர் யார்? கணவரின் பெயரை அந்த வரிக்கு நேரே எழுதிவிட்டு நாம் சற்றே சிரித்தோம், தமக்கையார் சிரிக்கவில்லை.

அச்சுறுத்த எழுதவில்லை, ஆனால் மறைத்தலும் பிழை. கால் நரம்பிலே குருதி உறைந்து நுரையீரலை அடைத்தல், தொற்று, தோல் அழுகல், தழும்பைச் சுற்றி உணர்வு மரத்தல் ஆகியன இவ்வறுவையின் இடர்கள். புகைப்பவர்க்கு இடர் மிகுதி. 2025 பிப்ரவரியிலே திருவனந்தபுரத்திலே, மென்பொருள் துறையிற் பணியாற்றிய பெண்ணொருவர் வயிற்றுக் கொழுப்பை நீக்கும் மருத்துவத்துக்குச் சென்றார். அது இவ்வறுவை அன்று, இதன் உறவு. தொற்று பரவி ஒன்பது விரல்களை இழந்தார். 2022 மே மாதம் பெங்களூரிலே கொழுப்பு நீக்க அறுவைக்குச் சென்ற இளம் தொலைக்காட்சி நடிகை உயிருடன் மீளவில்லை. 2024 ஏப்ரலிலே எடை குறைப்பு அறுவைக்காகச் சென்னை வந்த புதுவை இளைஞர் ஒருவரும் அவ்வாறே மாண்டார். ஆயிரமாயிரம் பேர் நலமாக வீடு திரும்புகின்றனர் என்பதும் உண்மை. எனவே கேட்க வேண்டிய முதற்கேள்வி ‘எவ்வளவு’ அன்று. ‘ஒட்டறுவையிலே முறைப்படி பட்டம் பெற்றவரா, தீவிர மருத்துவப் பிரிவு அங்கே உண்டா’ என்பதே.

அடுத்து அரசின் ஏட்டைப் புரட்டினோம். அங்கேதான் நம் எழுதுகோல் நின்றது. 2017இல் வந்த சரக்கு சேவை வரிச் சட்டத்திலே மருத்துவத்துக்கு வரி விலக்கு உண்டு. அழகுக்கான அறுவைக்கு இல்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம், அதிர்ச்சி ஆகியவற்றால் கெட்ட உறுப்பைச் சீராக்கினால் மட்டும் விலக்கு. சேவைகளை வகுத்து எண்ணிட்ட பட்டியலிலோ, அழகு அறுவையும் நகத்துக்கு ஒப்பனை செய்யும் தொழிலும் ஒரே தலைப்பிலே அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன! காப்பீட்டு நிறுவனங்களின் பொது விதியும் இதே போக்குத்தான்: விபத்து, தீப்புண், புற்றுநோய் இவற்றின் பின் என்றால் பணம் உண்டு, உடல்நலத்துக்கு இன்றியமையாதது என்று மருத்துவர் சான்று தந்தால் உண்டு, தோற்றத்தை மாற்ற என்றால் இல்லை.

விதி வகுத்தவரைக் குறை சொல்லவில்லை. எங்கேனும் கோடு கிழித்தாக வேண்டும். பொதுப்பணம் தீப்புண் பட்டவனுக்கே முதலிற் செல்ல வேண்டும். ஆயினும் அந்தப் பட்டியலை மீண்டும் படியுங்கள். மோதி உடைந்த எலும்பு இருக்கிறது, தீயிலே வெந்த தோல் இருக்கிறது. மூன்று உயிரைச் சுமந்து கிழிந்த வயிறு எந்தச் சொல்லின் கீழ் வரும்? தாய்மையைப் போற்றிப் பாடாத மேடையுண்டா இந்நாட்டிலே? பாட்டு முடிந்ததும், அந்தத் தாய்மை விட்டுச் சென்ற வடு மட்டும் அவளது சொந்தச் செலவு, பெயரோ ஒப்பனை!

ஆதலால் அறுவை செய்துகொள்வதே நீதி என்று முடித்துவிடலாமா? அதுவும் எளிதன்று. இந்த ஊரிலே மண் மதிலால் சூழ்ந்த கோட்டை ஒன்று இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் என்ற குடியின் பெண்கள் அதனுள்ளே பிறந்து, வளர்ந்து, மணந்து, மாண்டனர். வெளியூர் ஆடவர் முகம் பார்த்ததில்லை. தெருவிலே கால் வைத்ததில்லை. கமலா கணேஷ் என்னும் மானிடவியல் அறிஞர் அவ்வாழ்வை ஆராய்ந்து நூலே எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அந்த வழக்கம் கலைந்தது. அந்நாளிலே உள்ளிருந்த பெண்ணைக் கேட்டிருந்தால் சிலர் என்ன சொல்லியிருப்பர்? “எங்கள் விருப்பம்” என்றே சொல்லியிருக்கக் கூடும். இன்று தமக்கையாரும் “எனக்காகத்தான்” என்கிறார். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

விருப்பம் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் எவர் விருப்பமும் தேறாது. நாம் நூல் விரும்புவதும் எவரோ ஊட்டியதுதான். தாமிரபரணிக் கரையிலே ஆதிச்சநல்லூரில், தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. அழகு செய்துகொள்ளும் ஆசை மனிதனோடு பிறந்தது, அதைப் பழித்து ஆவதொன்றுமில்லை. ஆகவே வேறு அளவுகோல் வேண்டும். நமக்குத் தோன்றியது இது: வேண்டாமென்று இருந்துவிட்டால் தண்டனை உண்டா? கோட்டையை விட்டு வெளியேறியிருந்தால் அவளுக்குத் தண்டனை உண்டு. தமக்கையாருக்கு? அதே பேருந்திலே அவர் கணவரும் வருகிறார். அவர் தொந்தி தமக்கையாரின் வயிற்றினும் ஒரு சாண் முந்திச் செல்வது. எத்தனை மாதம் என்று அவரை எவரும் கேட்டதில்லை. “வசதியா இருக்காரு” என்கிறார்கள்! ஆணின் வயிறு செல்வத்தின் அடையாளம், பெண்ணின் வயிறு திருத்த வேண்டிய பிழை என்று தீர்ப்பெழுதிய ஊர், அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் செலவையும் அவளிடமே வாங்குகிறது.

இவ்வளவும் எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எந்திரத்தின் மேலே தாளை விரித்து, வரி வரியாகப் படித்தார். தையற்கூலி வரியிலே நாம் போட்ட தொகை குறைவு என்று திருத்தினார். அறுவையின் பின் வாரங்கள் தீபாவளியோடு மோதாமல் பார்க்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்: “எல்லாம் சரிலே. இந்த ஆறு வருசமா நான் பஸ்ஸுல தலை குனிஞ்சு வந்ததுக்கு எவ்வளவு போட்டிருக்க?”

அந்த வரி நம் தாளில் இல்லை. ஊரைத் திருத்தலாம் அக்கா, உன் வயிற்றையா திருத்துவது என்றோம். “ஊரு திருந்துத வரைக்கும் நான் நடந்தே நெல்லைக்குப் போகவா?” என்றார். விடை சொல்ல நாம் யார்? அந்த இருக்கையிலே ஒருநாளும் அமர்ந்தவரல்லர்.

விலகிய தசைக்கு முறையான பயிற்சியாலும் ஓரளவு பயன் உண்டு, முதுகுவலியும் அதனோடு சேர்ந்ததாயிருக்கலாம் என்று அறிந்ததை மட்டும் சொன்னோம். அதைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குச் சென்று முதலிலே காட்டி வருவதாகச் சொன்னார். சீட்டை எடுப்பதா, அடுத்த தவணைக்கு விடுவதா என்று அதன் பின் முடிவு. துணைக்கு வரவா என்றோம். வேண்டாம், பள்ளிக்கு விடுப்புப் போடாதே என்றார். தாளை நான்காக மடித்து, எந்திரத்தின் இழுப்பறையிலே நூற்கண்டுகளுக்கு அடியில் வைத்தார்.