அரக்கன் கதையை யாரிடம் சொல்வோம்?

‘நீங்கள் பிறந்த நாட்டை வரைந்து வாருங்கள்’ என்கிறார் டீச்சர். எங்கெங்கிருந்தோ அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் படிக்கும் வகுப்பு அது. எல்லோரும் துள்ளுகிறார்கள், லோலா மட்டும் விழிக்கிறாள். கைக்குழந்தையாக ஒரு தீவை விட்டு வந்தவள். ஞாபகத்திலேயே இல்லாத ஊரை எப்படி வரைவது?

ஜூனோ டியாஸ் எழுத, லியோ எஸ்பினோசா படம் வரைய, 2018-இல் வெளிவந்த ‘ஐலண்ட்பார்ன்’ என்ற சிறுவர் படப்புத்தகம் இப்படித் தொடங்குகிறது. லோலா அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகிறாள். போர்வை அகலத்துக்கு வௌவால்கள், எந்நேரமும் இசை, தின்றால் கண்ணீர் வரவைக்கும் மாம்பழம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அவள் நோட்டில் தீவு முளைக்கிறது.

ஊர் என்றால் ஞாபகம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். லோலாவுக்கு இருப்பதெல்லாம் இரவல் ஞாபகம். ஆனால் யோசித்தால், யாருடையது இரவல் இல்லை? நாம் பிறந்த நாள்கூடப் பிறர் சொல்லித்தானே நமக்குத் தெரியும்!

பிறர் கொடுப்பதுதான் ஊர் என்றால், பிறர் அதை மறுக்கவும் முடியும். டியாஸ் பிறந்த டொமினிக்கன் குடியரசே அதற்குச் சாட்சி. 1930 முதல் 1961-இல் சுட்டுக் கொல்லப்படும்வரை அந்நாட்டை ஆட்டிப்படைத்தவர் ட்ருஹியோ. 1937 அக்டோபரில், அவர் உத்தரவின்பேரில் எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியர்கள் கொல்லப்பட்டார்கள். படைவீரர்கள் ஒரு கீரைக் கொத்தைக் காட்டி, ‘இது என்ன?’ என்று கேட்டதாகச் சொல்வார்கள். விடையான ‘பெரெஹில்’ என்ற ஸ்பானியச் சொல்லில் ரகரம் சரியாக உருளாத நாக்கு அயலான் நாக்கு. ஓர் எழுத்தில் முடிந்தது உயிர்.

அது பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. 1929-க்குப் பிறகு அங்கேயே பிறந்திருந்தாலும், பெற்றோரிடம் முறையான குடியேற்ற ஆவணம் இல்லாதிருந்தால் பிள்ளை குடிமகன் அல்ல என்று 2013-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலும் அடிபட்டவர்கள் ஹெய்ட்டி வம்சாவளியினர். இதைக் கண்டித்துப் பேசிய டியாஸுக்கு, முன்பு அளித்திருந்த விருதைப் பறிப்பதாக 2015-இல் நியூயார்க்கிலிருந்த டொமினிக்கன் துணைத் தூதர் அறிவித்தார்.

ஒன்றுமே ஞாபகமில்லாத லோலாவுக்குத் தீவு கிடைக்கிறது. அந்த மண்ணிலேயே வளர்ந்து, எல்லாம் ஞாபகமுள்ளவருக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் ஊர் தலைக்குள்ளும் இல்லை, காலடியிலும் இல்லை. ‘நீ நம்ம பிள்ளை’ என்று சொல்லும் வாய்களில் இருக்கிறது.

அந்த வாய்கள் எதைச் சொல்கின்றன என்பதும் முக்கியம். லோலா கடைசியாகக் கேட்பது, அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்டர் மீரிடம். அவர் சொல்வது மாம்பழக் கதை அல்ல. தீவை ஓர் அரக்கன் முப்பது வருடம் பிடித்துவைத்திருந்ததையும், சிலர் துணிந்து எதிர்த்து நின்றதையும் சொல்கிறார். அரக்கனுக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. வரலாறு தெரிந்தவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

குழந்தையிடம் இதையெல்லாமா சொல்வது என்று முதல் வாசிப்பில் எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு மாம்பழத்தை நறுக்கி வைப்போம். வீட்டில் நடந்த கொடுமையை அவரிடம் சொல்லமாட்டோம். அதை வீட்டுப் பெண்ணிடம்தான் சொல்வோம். அதுவரை கேட்டதில் லோலா தீவுக்கு விருந்தாளி. மிஸ்டர் மீர் அரக்கனைப் பற்றி வாய் திறந்தபோதுதான் அவள் தீவுக்காரி ஆனாள்.